நூற்றெண்பது பவுண்டு

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் அவசரப்பட்டாய் என்று யாரும் கேட்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் ஒரே மெஷின் பக்கத்தில் உட்காரும் வேலைக்கு மருதமுத்து என்கிற என்னைப் போல ஒருத்தனை எடுத்ததே அவர்கள் தப்பு. நான் உட்கார மாட்டேன். நடப்பேன், குழாயைத் தொட்டுப் பார்ப்பேன், வாசலுக்குப் போவேன், போன வேகத்தில் திரும்பி வருவேன். தேவதாஸ் என்னைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பான்.

மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் ஐஸ் கம்பெனிக்கு மெஷின்காரர்கள் இரண்டே பேர், நானும் தேவதாஸும். ஒருத்தன் பகல், ஒருத்தன் இரவு, வாரத்துக்கு வாரம் மாறிக்கொள்வோம். கம்ப்ரசர் அமோனியா வாயுவை அழுத்தும். அந்த அழுத்தம் எத்தனை பவுண்டு என்று கேஜ் காட்டும். மணிக்கு ஒரு தரம் கேஜின் முள்ளைப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். நூற்றெண்பது என்றால் மெஷின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். இருநூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்று மெஷினின் பித்தளைத் தகட்டிலேயே பொறித்திருந்தது. தாண்டினால் எங்காவது பிளக்கும், பிளந்தால் அமோனியா வெளியே வரும், வந்தால் முதலில் கண் போகும், அப்புறம் மூச்சு போகும். மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி கொடுத்த லைன் வீடுகள் ஆறு. முதல் வீடு என்னுடையது, ஒட்டினாற்போல அடுத்தது தேவதாஸுடையது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒரு வெள்ளைக்கார மேனேஜர் இருந்தார். நூற்றுத்தொண்ணூறுக்கு மேல் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டால் போதும், ஏன் ஏறியது என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடு என்பார். எனக்கு ஆங்கிலத்தில் என் பெயரை எழுதத் தெரியும். தேவதாஸுக்கு அதுவும் தகராறு. மலாக்கா வெயிலில் பதினொரு மணிக்கு மேல் முள் ஏறத்தான் செய்யும். இதற்கு என்ன கடிதம் எழுதுவது, சூரியன் வந்துவிட்டது என்றா? இரண்டு தடவை அரை நாள் வெளியே நிற்க வைத்தார். மூன்றாவது தடவையிலிருந்து நாங்கள் நூற்றெண்பது என்றே எழுத ஆரம்பித்தோம்.

எல்லாக் கட்டத்திலும் நூற்றெண்பது இருந்தால் யாருக்கும் சந்தேகம் வருமே, அதனால் ஓர் இடத்தில் நூற்றெழுபத்தெட்டு, ஓர் இடத்தில் நூற்றெண்பத்திரண்டு என்று கலந்து போடுவது தேவதாஸின் யோசனை. பிறகு மணிக்கு மணி எழுந்து போவானேன் என்று ஷிப்டுக்கு வந்ததும் பன்னிரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. சாமி சத்தியமாக அதை நாங்கள் பொய் என்று நினைக்கவே இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது மாதிரி அது ஒரு பழக்கம். ஆறு வருடம் அப்படியே ஓடியது. வெள்ளைக்காரர் ஊருக்குப் போனார், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளி கம்பெனியை வாங்கினார், நாங்கள் எழுதுவதை மாற்றவில்லை.

ஐம்பத்தேழாம் வருடம் ஜூலையில் சேதுபதி வந்தார். கோலாலம்பூரில் தொழில் படிப்பு படித்தவர், இருபத்தாறு வயது, மடிப்புக் கலையாத காற்சட்டை. மேனேஜர் நாற்காலியில் ஒரு தமிழ்ப் பிள்ளை உட்கார்ந்ததில் எங்களுக்கு உள்ளூரப் பெருமைதான். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நாடு நம் கைக்கு வரப்போகிறது, வேலையையும் நாமே ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். அலமாரியில் இருந்த ஆறு வருடப் புத்தகங்களையும் இறக்கி இரண்டு வாரம் படித்தார். படித்துவிட்டு என்னிடம் வந்து, இத்தனை நல்ல குணமுள்ள மெஷினை நான் பார்த்ததே இல்லை அண்ணே என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அப்புறம் ஒரு பெட்டி செய்தார். அழுத்தத்தை இடைவிடாமல் காகிதத்தில் கோடாகப் போடும் பேனாக் கருவி ஒன்றை வரவழைத்து, அதற்கு எதிரே வட்டமான தகரத் தட்டு ஒன்றை மாட்டினார். கடிகாரம் அந்தத் தட்டை ஒரு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும். காலை ஆறு மணிக்கு மெஷின் வழக்கமாக எப்படி இருக்கும், பகல் ஒரு மணிக்கு எப்படி இருக்கும் என்று எங்கள் புத்தகத்திலிருந்து கணக்குப் போட்டு, தட்டின் விளிம்பை அந்தந்த மணிக்குத் தகுந்தபடி வெட்டியிருந்தார். பேனா விளிம்பைத் தாண்டினால் கம்பியும் கம்பியும் தொடும், மணி அடிக்கும். பகல் ஒரு மணிக்கு எல்லை நூற்றுத்தொண்ணூற்றைந்து.

"கேஜப் பாக்க மனுசன் மறந்துடலாம், இது மறக்காது அண்ணே," என்றார். "நீங்க ரெண்டு பேரும் எழுதுனதப் படிச்சுப் படிச்சு வளர்ந்த பெட்டி இது."

நான் தகரத் தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். சிரித்து வைத்தேன்.

இன்னொரு மணியை லைன் வீட்டுச் சுவரிலும் பொருத்தினார். அது அடித்தால் துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு பின்னால் இருக்கும் திடலுக்கு ஓடிவிட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அப்போது என் மனைவி ஜெயாவுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வந்த குழந்தை. தேவதாஸின் மனைவி மல்லிகாதான் தினமும் காலையில் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை அதன்மேல் போட்டுக் குளிப்பாட்டுவாள். அவளுக்குச் சொந்தமாக ஐந்து பெண்கள், இருந்தும் ஒரு நாள் தவறியதில்லை.

பெட்டி ஓட ஆரம்பித்த முதல் நாள் பகல் பதினொன்றரைக்கே மணி அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? முள் இருநூறில் நின்றது. அது எங்கள் மெஷினுக்கு வெயில் நேரத்து வழக்கம், புத்தகத்தில்தான் இல்லை. நான் மதில் ஏறிப் பார்த்தேன். ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடினார்கள். மல்லிகா ஒரு கையில் என் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் ஜெயாவைத் தாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அடித்தது, ஓடினார்கள். மூன்றாம் நாள் நாலு தடவை அடித்தது. அன்று வீட்டுக்குப் போனபோது ஜெயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஓடியதில் பிரசவத் தையல் பிரிந்த வலி அவளுக்கு. இனிமேல் நிஜமாகவே வெடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன், உங்கள் கம்பெனி மணியை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்றாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சேதுபதி அடிக்கும்போதெல்லாம் அந்த மணியை நிறுத்திவிட்டு, இது ஏன் இப்படி அடிக்கிறது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். தவுக்கே வேறு அவரைப் பிடித்து ஏசியிருந்தார். நான் தினமும் ஆபீஸ் வாசல் வரை போய், சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் சேதுபதி கண்ணெல்லாம் பிரகாசமாக வந்தார். தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாராம். ஆறு வருடமாக ஒரு நாளும் நூற்றுத்தொண்ணூறைத் தாண்டாத மெஷின் இந்த வாரம் மட்டும் இருநூறு காட்டுகிறதென்றால், கெட்டுப்போனது மெஷின் இல்லை, கேஜ். சரியாகச் சோதிக்க வேறு கேஜ் கோலாலம்பூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். அதனால் புத்தகத்தை வைத்தே சரிசெய்துவிட்டார். ஒரு சிறிய திருகாணியை எடுத்துக் கேஜ் முள்ளையும் பேனாவையும் இருபத்தைந்து பவுண்டு கீழே இறக்கினார், என் கண்ணெதிரில்.

மணி அடங்கியது. கேஜ் எங்கள் புத்தகம் மாதிரியே பேச ஆரம்பித்தது. லைன் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் பொய் காகிதத்தில் இருந்தது, முள்ளாவது உண்மையைச் சொன்னது. இப்போது முள்ளும் பொய் சொல்கிறது. உண்மையில் இருநூற்றிருபதைத் தொடும்போது கேஜ் நூற்றுத்தொண்ணூற்றைந்துதான் காட்டும். மணி அடிப்பதும் பிளப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

ஷிப்டு மாறும் நேரத்தில் தேவதாஸைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், போய்ச் சொல்லிவிடுவோம் என்றேன். அவன் பயந்துபோனான். வேலை போனால் வீடும் போகும், ஐந்து பெண்களை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்றான். ஆகஸ்ட் முப்பத்தொன்றில் மெர்டேக்கா, நாட்டுச் சுதந்திர நாள் வரப்போகிறது, தவுக்கேவுக்குத் தலைக்கு மேல் வேலை, அது முடியட்டும், ஒன்றாம் தேதி நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்வோம் என்றான். அதுவரை குழாய்மேல் தண்ணீர் விட்டு விட்டு ஓட்டிவிடலாம் என்றான். நான் சரி என்றேன். என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னான், அதையும் செய்தேன்.

ஆனால் மெர்டேக்கா சும்மா வரவில்லை. பண்டார் ஹிலிர் திடலில் நூறு கடை போடப்போகிறார்கள், ஜாலான் பெண்டஹாராத் தெருக் கடைக்காரர்கள் சர்பத் பந்தல் வைக்கிறார்கள், எல்லோருக்கும் ஐஸ் வேண்டும். இருபத்தேழாம் தேதியிலிருந்து மெஷினை முழு மூச்சில் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். நான் குழாய்மேல் தண்ணீரை அடித்தேன், சாக்கை நனைத்துப் போட்டேன், விசிறிக்கூடப் பார்த்தேன். அந்த வாரம் பகல் முழுக்க நான் ஒரு நிமிடம் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. ஒரு காலை இங்கே, ஒரு காலை மதில் பக்கம் வைத்துக்கொண்டு அலைந்தேன். லைன் வீட்டில் பிள்ளை அழுதால் மூச்சுத் திணறி அழுகிறதோ என்று தோன்றும், அழாமல் இருந்தால் அதைவிட மோசமாகத் தோன்றும்.

இருபத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பகல் ஒரு மணி. கேஜ் நூற்றுத்தொண்ணூற்றொன்று. கூட்டு இருபத்தைந்து, நிஜத்தில் இருநூற்றுப் பதினாறு. எப்போதும் அந்தக் குழாயில் கையை வைத்துப் பத்து எண்ணுவேன், அன்று மூன்றுக்கு மேல் வைக்க முடியவில்லை. குழாய் வளையும் இடத்தில் லேசாக வாடை வந்தது. வாடையா, என் பயமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தேவதாஸ் இரவு ஷிப்டு முடித்து மதிலுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இரண்டு அடி வைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பான். நேராக ஆபீசுக்குப் போனேன்.

புத்தகத்து எண்கள் எல்லாம் பொய் என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் சேதுபதி நம்பவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

"ஐம்பதாயிரம் எண்ணு இருக்கு அண்ணே இந்தப் புத்தகத்துல, ரெண்டு பேரு கையெழுத்து," என்றார். "எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. நீங்க ஒருத்தர் வந்து அத்தனையும் பொய்யின்னா நான் எத நம்புறது?"

ஒன்றுபோல இருப்பதுதானய்யா பொய் என்று எனக்குக் கத்த வந்தது. சுவரில் ஆணியில் தொங்கிய பழைய காகிதக் கட்டு கண்ணில் பட்டது. மே மாதம் கம்பி வேலைக்காக ஊர் முழுக்கக் காலை பத்திலிருந்து மூன்று வரை கரண்ட் இருக்காது என்று வந்த நோட்டீஸ் அதில் இருந்தது. அன்றைக்கு மெஷின் நின்றுபோய் நாங்கள் மாமரத்தடியில் படுத்துக் கிடந்தோம். காலையிலேயே நிரப்பிய கட்டங்களை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டீஸைப் பிய்த்து மேசையில் வைத்து, மே மாதப் புத்தகத்தை எடுத்து அந்தத் தேதியைத் திறந்தேன். பத்து மணி நூற்றெண்பத்தொன்று. பதினொன்று நூற்றெழுபத்தொன்பது. பன்னிரண்டு நூற்றெண்பது. எல்லாம் என் கையெழுத்து, அழகாக.

சேதுபதி விரலை ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தார். நின்று கிடந்த மெஷினுக்கு நூற்றெண்பது. புத்தகத்தை மூடினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரியும் இப்படித்தானா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் எழுத்தை மட்டும் நான் சொன்னால் போதும்தானே. அந்த நேரத்தில் என் புத்தியில் குழாயும் பிள்ளையும் தவிர வேறு எதுவும் இல்லை.

"ரெண்டு பேருந்தான்," என்றேன்.

மெஷின் ரூமுக்கு ஓடினோம். அவர் அந்தத் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். பேனா எகிறித் தகரத் தட்டின் விளிம்பைத் தாண்டிப் போய் நின்றது, அதற்குள் இருநூற்றுப் பத்தொன்பது. மணி அடித்தது. மோட்டாரை நிறுத்துங்கள் என்று கத்திவிட்டு நான் மதிலைத் தாண்டிக் குதித்தேன்.

லைன் வீட்டுச் சுவரில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை. ஒருத்தர் வாசலில் துணியை நனைத்துக்கொண்டிருந்தார் என்றால் அது துவைப்பதற்கு. மல்லிகா மணியை ஒரு தரம் பார்த்துவிட்டு வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தாள். ஜெயா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, அது அடிச்சிட்டுப் போகட்டும் என்றாள். நான் பிள்ளையைப் பிடுங்கினேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, மல்லிகா அப்படியே எழுந்து ஐந்து பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி, தேவதாஸை உதைத்து எழுப்பி, திடலுக்கு ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடினார்கள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. சேதுபதி மோட்டாரை நிறுத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, அழுத்தம் இறங்கும்வரை அங்கேயே நின்றாராம். மறுநாள் பிரித்துப் பார்த்ததில் குழாய் வளைவின் உட்புறத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறல் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும், இல்லை ஒரு வாரம் தாங்கியிருக்கும், யாருக்குத் தெரியும் என்றார்.

தவுக்கே மெர்டேக்காவுக்கு மறுநாள், ஒன்றாம் தேதி வந்தார். மெர்டேக்காவுக்கு ஐஸ் கொடுக்க முடியாத அவமானம் அவருக்கு. இரண்டு பேரையும் விரட்டுவதாகத்தான் வந்தார். மெஷினைத் தெரிந்த ஆள் ஒருத்தராவது வேண்டும், உண்மையைச் சொன்னவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சேதுபதி மலாயில் கெஞ்சினார். தன் தப்பையும் சேர்த்துச் சொன்னார், அந்த நேர்மை அவரிடம் இருந்தது. தவுக்கே என்னைக் காட்டி, இவன் இருக்கட்டும், அவன் வேண்டாம், வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல் என்றார். தேவதாஸ் என் பக்கத்தில்தான் நின்றான். அவன் போனால் நானும் போவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வந்தது என்னவோ, சரி தவுக்கே என்பதுதான்.

அந்த ஒரு வாரமும் தேவதாஸ் என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிடுவான், அவ்வளவுதான். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், கையை ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஜாசின் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மல்லிகாவின் அண்ணன் இருந்தான், அங்கே போவதாக ஜெயாதான் சொன்னாள்.

போகிற அன்று காலையில் லாரி வந்து நின்றது. தேவதாஸ் கட்டில் சட்டங்களை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் ஐந்து பேரும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்கள். மல்லிகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்றுமே நடக்காதது போல வெந்நீரைத் தொட்டுப் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மூக்கைப் பிடித்துவிட்டாள், கை கால்களை நீவிவிட்டாள். ஜெயா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மன்னிச்சிரு தங்கச்சி என்று சொல்ல வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து பிள்ளையை நேராக என் கையில் கொடுத்தாள்.

"என் புள்ளைங்களும் இந்த லைன்லதான் இருந்துச்சுங்க, அண்ணே," என்றாள். "அதனால நீங்க சொன்னது தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஆனா தவுக்கே எங்கள வேணாம்னு சொன்னப்ப நீங்க வாயத் தொறக்கல பாருங்க, அதுக்கு மட்டும் எனக்குப் பதில் கெடைக்கல."

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. லாரி மலாக்கா ஆற்றுப் பக்கம் திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன். பிள்ளை ஈரத்தோடு நடுங்கி அழுதது, துவட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.